வலையில் சிக்கிய ஓரா

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில்தான் வேலை கற்றுக்கொண்டேன். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று நாலு வருஷம் நல்ல தண்ணீர் மீன்கள். அப்புறம் உப்புத் தண்ணீர் டேங்க் பக்கம் ஒதுங்கினேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாற்ற வேண்டும், கண்ணாடியில் பாசி சுரண்ட வேண்டும், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கழுவ வேண்டும். பதினொரு வருஷம் ஓடிவிட்டது.

கடல் டேங்க் வைப்பவர்கள் முதலில் க்ளவுன் ஃபிஷ் கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும் லயன்ஃபிஷ் கேட்பார்கள். கடையில் மூன்று இன்ச் குட்டியாக, கொசுவம் பிரிந்த பட்டுப்புடவை மாதிரி மிதக்கும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும் என்பதை விற்கிறவர் சொல்லமாட்டார்.

விசிறி மாதிரி விரியும் பக்கத் துடுப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதில் விஷம் கிடையாது. விஷ முள் முதுகில் 13, வயிற்றடியில் 2, வாலுக்கு முன்னால் அடிப்பக்கத்தில் 3. முள்ளின் பள்ளத்தில் விஷத் திசு இருக்கும், மேலே மெல்லிய தோல் உறை. முள் ஏறும்போது உறை பின்னால் நகர்ந்து, விஷம் காயத்துக்குள் இறங்கும். மீன் தேடி வந்து குத்துவதெல்லாம் அரிது. ஆனால் பழகிவிடும். இரை போடும் ஆளைக் கண்டால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் 'நம்ம செல்லம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தங்கள் லயன்ஃபிஷ் கையிலிருந்தே இறாலை வாங்கித் தின்னும் என்று பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கும்.

லயன்ஃபிஷ் இருக்கும் டேங்கில் நான் தனியாகக் கை விட்டதில்லை. பாறைக்கு அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நிற்கும், சட்டென்று கண்ணில் படாது. கூட வரும் பையன் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான், நான் வேலையைப் பார்ப்பேன். அதனாலோ என்னவோ, இதுவரை அது என்னைத் தொட்டதில்லை.

என்னைக் குத்தியது ஃபாக்ஸ்ஃபேஸ். மஞ்சள் உடம்பு, நரி மூஞ்சி, பாசி தின்னும் சாது. இதற்கு விஷம் உண்டு என்று எச்சரித்து விற்கும் கடையை நான் பார்த்ததில்லை. அண்ணா நகரில் ஒரு வீடு. ஹாலில் ஃபாக்ஸ்ஃபேஸ் டேங்க், மாடியில் லயன்ஃபிஷ் டேங்க். ஃபாக்ஸ்ஃபேஸை வேறு டேங்குக்கு மாற்ற வலை போட்டேன். முதுகு முள் வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டது. நாலு வருஷப் பழக்கம், கப்பியை எடுப்பது போல விரலால் பிரித்தேன்.

குத்தியது தெரியவே இல்லை. கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் விரல் துடிக்க ஆரம்பித்து, வலி முழங்கை வரை ஏறியது. நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. வீட்டுக்கார சார் பதறிப்போய் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். சமையலறையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்காரர்.

"இன்னா மீனு தம்பி, ஓராவா?"

வலியிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரா என்பது வலையில் விழும் ஒரு கடல் மீன், ஃபாக்ஸ்ஃபேஸும் அதே குடும்பம்தான். ஓராவுக்கு முதுகு, வயிறு, அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து 24 விஷ முள்.

"ஐஸ் வெக்காத. சுடுதண்ணில வையி. எங்க அண்ணனுக்கு அப்பிடித்தான் வெப்பாங்க."

அவர் சொன்னதையேதான் மருத்துவமும் சொல்கிறது. இந்த விஷம் புரதம், சூடு பட்டால் வீரியம் குறையும். பொறுக்கிற சூடு, 45 டிகிரிக்குள், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. சூட்டை நல்ல கையால் பார்க்கவேண்டும். வலிக்கிற கைக்குச் சூடு சரியாக உறைக்காது, வெந்துவிடும். பக்கெட்டில் கையை வைத்து இருபது நிமிஷத்தில் எனக்குப் பேச்சு வந்தது. அப்புறம் டாக்டரிடம் போய், முள் துணுக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருந்தால் பக்கெட்டோடு உட்கார்ந்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

பாக்ஸ் ஃபிஷ் வேறு ரகம். மஞ்சளில் கறுப்புப் புள்ளி, சோழி அளவுக் குட்டி, குழந்தைகளுக்கு உயிர். அதற்கு முள் கிடையாது. மிரண்டாலோ செத்தாலோ தோலிலிருந்து விஷம் சுரந்து தண்ணீரில் கலந்துவிடும். ஒரு வீட்டில் ராத்திரி, டேங்குக்குள் தண்ணீரை ஓட்டும் பம்பான பவர்ஹெட்டில் போய் ஒட்டிக்கொண்டு செத்தது. காலையில் நான் போனபோது டேங்கில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. தண்ணீர் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. விஷத்தை உறிஞ்சக் கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி என்ன செய்வது, காப்பாற்ற ஒரு மீன் இருந்தால்தானே.

அண்ணா நகருக்கே வருகிறேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார்: "சாரு ஊருக்குப் போனா நான்தான் எறா போடுறேன் தம்பி. மாடில கீதே அந்த வரி மீனு, அதுவும் குத்துமா?"

மூன்று வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். சாரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவரோ டேங்குக்குள் விரலைக்கூட விட்டதில்லை. கை விடுகிற அக்காவிடம் நானும் சொல்லவில்லை, சாரும் சொல்லவில்லை. ஒரு தடவை அங்கே லயன்ஃபிஷ் செத்தபோது பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டதும் அக்காதானாம். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். அந்தப் பொட்டலத்தை அடுத்து எடுத்தவர் கையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. இப்போதெல்லாம் நானே கத்தரியால் முள்ளை வெட்டி, பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிவிடுகிறேன்.

இப்போது புதிதாக டேங்க் வைப்பவர் லயன்ஃபிஷ் கேட்டால், தினமும் இரை போடப்போவது யார் என்று கேட்கிறேன். அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லி அவரிடம்தான் பேசுகிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் போனார்கள், போகட்டும்.

அக்காவுக்கு நீளமான கிடுக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சர்வீஸ் அன்று பக்கெட், துண்டு எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு மாடி ஏறினேன். டேங்க் பக்கத்து ஸ்டூலில் ஒரு ஃப்ளாஸ்க் இருந்தது. டீ என்று நினைத்துத் திறந்தேன். வெறும் சுடுதண்ணீர்.