ஒரு பிடி செம்மண்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். கோயில் திருவிழாவில் ஆடல் பாடல் பார்த்ததோடு சரி. நாடகம் ஒன்றைக் கண்ணெதிரே முழுதாகப் பார்த்தது 46 வயதில், போன சனிக்கிழமைதான். கோலாலம்பூரிலிருந்து வந்த இளைஞர்கள் சோபோகிளீஸின் ‘ஆன்டிகனி’யைத் தமிழில் நடித்தார்கள். 2,400 ஆண்டுகளுக்கும் முந்தைய கிரேக்கத் துயர நாடகம். அம்மாவையும் அழைத்துப் போனேன். தகரக் கூரையில் மழை கொட்டியதில் முதல் காட்சியின் பாதி வசனம் காதில் விழவில்லை.

ஆன்டிகனி என்ற பெண்ணின் சகோதரர்கள் இருவரும் போரில் ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். ஒருவனுக்கு முறையான அடக்கம். மற்றவனைப் புதைக்கவே கூடாது என்கிறான் அரசன் கிரியோன். அவன் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவன் மகன்தான் அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை. இந்த உறவை எங்கள் மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “தாய்மாமனா இப்படிச் செய்வது?” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தடையை மீறி, புதைக்கப்படாத தமையன் உடல்மேல் ஆன்டிகனி தூவிய மண்ணைக் காவலர்கள் துடைத்துவிடுகிறார்கள். அவள் மறுபடியும் வந்து தூவுகிறாள், பிடிபடுகிறாள். மூல நாடகத்தில் இதைக் காவலாளி வந்து சொல்வதோடு சரி. இங்கே அவன் சொல்லச் சொல்ல, அவனுக்குப் பின்னால் அந்தப் பெண் முந்தானையிலிருந்து நிஜமான செம்மண்ணை எடுத்துப் போட்டாள். பலகையில் மண் விழும் ஓசை கேட்டது. ஈர மண்ணின் வாசம் மூன்றாவது வரிசைவரை வந்தது.

அம்மா அழுதுகொண்டிருந்தார். 1994இல் அப்பாவைத் தோட்டத்து இடுகாட்டில் அடக்கம் செய்தோம். பிறகு தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இடுகாட்டின் ஒரு பக்கத்தைப் புல்டோசரால் சமன் செய்துவிட்டார்கள். மறுவாரமே அம்மா தனியாகப் போனார். அப்பா இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று கணித்து, மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார். இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

மேடையில் யாரும் சாகவில்லை. கிரியோன் அடைத்துவைத்த குகையில் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டதைத் தூதன் வந்து சொன்னான், அவ்வளவுதான். கிரியோன் மனம் மாறியும், முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அந்தத் தாமதத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

முடிந்ததும் ஒரு பையன் துடைப்பத்தோடு மேடைக்கு வந்தான். அம்மா எழுந்து அவனருகே போனார்.

“இந்த மண்ணை எங்கே கொட்டுவாய் தம்பி?”

“மண்டபத்துக்குப் பின்னால்தான் எடுத்தோம் பாட்டி. அங்கேயே போட்டுவிடுவோம்.”

அவன் கூட்டி முடிக்கும்வரை அம்மா அங்கேயே நின்றார்.