எந்தக் கட்சி என்று கேட்கும் மேசை

வாக்குச்சாவடியில் எனக்குப் பெயர் சரிபார்க்கும் வேலை. டேப்லெட்டில் பெயரைத் தேடி, கையெழுத்து வாங்கி, சீட்டைக் கொடுத்து இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். நவம்பர் தேர்தலில் இது மளமளவென்று நடக்கும். ஒவ்வொரு கட்சியும் அந்த நவம்பர் தேர்தலுக்கான தன் வேட்பாளரை வாக்காளர்களைக் கொண்டே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் (பிரைமரி) நாளில் மட்டும் நடுவில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "எந்தக் கட்சி?"

2025 ஜூன் 10 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தல். இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர் முதல்வரைப் போல ஆட்சி நடத்துபவர். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது என்பதால் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி விலக வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஆறு பேர் மோதினார்கள்.

நண்பகலில் ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். எந்தக் கட்சியிலும் சேராதவர் என்று பதிவு காட்டியது. இந்த மாநில வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இப்படித்தான். அன்று அவர் ஒரு கட்சியைச் சொன்னால்தான் வாக்களிக்க முடியும். சொன்னதும் அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவார். "ஓட்டு ரகசியம்தானே தம்பி? கட்சியை ஏன் கேக்கறீங்க?" என்றார். யாருக்குப் போடுகிறீர்கள் என்பது ரகசியம்தான், எந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், பிறகு வேண்டாமென்றால் ஒரு படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்குப் போடலாம்?" என்றார். "அதை மட்டும் நான் சொல்லக் கூடாது சார்." பக்கத்தில் இருந்த இரு கட்சி ஊழியர்களுக்கும் தமிழ் தெரியாது. அதனால் பேசியது முழுவதையும் உடனே ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னேன். யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் அந்த மேசையில் புரியாத மொழியில் ஒரு சொல்கூடத் தங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அவர் இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார். அன்று பலரும் அப்படித்தான் நின்றார்கள். முன்பெல்லாம் பெரும்பாலான கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) கட்சி அமைப்பு ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லாரும், ஜனாதிபதி முதல் உள்ளூர்ப் பதவி வரை, வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பார்கள். மற்றவர்கள் எங்கோ ஓர் ஓரத்தில். 2024இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் மத்திய நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சித் தேர்தலுக்கு இதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. பதவி ஒரு கட்டம், அதில் போட்டியிடும் எல்லார் பெயரும் ஒன்றாக. ஆளுநருக்கான உட்கட்சித் தேர்தல் இந்த முறையில் நடந்தது இதுவே முதல் தடவை. தெற்கு ஜெர்சிக் கட்சி அமைப்புகள் தாங்கிப் பிடித்த ஸ்டீவ் ஸ்வீனி ஆறாவதாக வந்தார். மிக்கி ஷெரில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு வென்றார். அவருக்கும் பல கவுன்டி அமைப்புகளின் ஆதரவு இருந்தது என்பதால், வரிசை போனதும் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மக்கள் பெயர்களைப் படித்தார்கள். வரிசையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தபோதும் அந்தத் தாமதம் எனக்கு நல்லதாகவே பட்டது.

குடியரசுக் கட்சியில் டிரம்ப் ஆதரவோடு ஜாக் சியாட்டரெல்லி எளிதாக வென்றார். அந்தப் பக்கம் வந்தவர்கள் யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

நவம்பர் 4 அன்று மீண்டும் அதே மேசை. ஜூனில் வராத எத்தனையோ முகங்கள், தமிழ்க் குடும்பங்களும் நிறைய. வாக்களித்துவிட்டு வந்த ஒரு பெண், "ஃபூலப் பேரே காணோமே?" என்றார். ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபூலப் ஜூனிலேயே மூன்றாவதாக வந்து வெளியேறியதைச் சொன்னேன். "அப்பவே ஓட்டு நடந்துச்சா? எங்களுக்கு யாருமே சொல்லலையே" என்றார். அடுத்த உட்கட்சித் தேர்தல் 2026 ஜூனில் வரும் என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவர் பெயரைக் கேட்டேன்.