திரிசூலம் வழியாக ஊருக்கு

சென்ற முறை மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு வந்திறங்கி, குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடிந்து வெளியே வந்தபோது அதிகாலை நாலரை மணி ஆகியிருந்தது. விழுப்புரம் செல்லவேண்டிய நான், வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தைக் கடந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு, விமான நிலையத்தின் முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் இறங்கினேன். மறுபக்கம் ஏறினால் திரிசூலம் ரயில் நிலையம். பன்னாட்டு முனையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயே உள்ள மின்சார ரயில் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை, வேறு ஊர்களில் விமான நிலையத்தைவிட்டு வெளியேறவே பெருந்தொகை கொடுத்த பிறகுதான் உணர்ந்தேன்.

விமான நிலையத்துக்காகப் போடப்பட்ட பாதை அல்ல இது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அன்று மீட்டர் கேஜ் எனும் குறுகிய தண்டவாளம். அந்தச் சிறிய பெட்டிகள் 2004 வரை ஓடியதையும், அவற்றின் சன்னலோரத்தில் அப்பாவுடன் அமர்ந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணியதையும் நான் மறக்கவில்லை. நிலையத்துக்குப் பின்னால் குன்றுகள் தெரியும். அவற்றின் நடுவே கோயில் கொண்டிருக்கும் திரிசூலநாதரின் பெயரைத்தான் ஊரும் நிலையமும் தாங்கி நிற்கின்றன.

மெட்ரோவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2016 செப்டம்பரில் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை தொடங்கிய சேவை, 2019 பிப்ரவரியில் சென்ட்ரலோடு நேராக இணைந்தது. புறப்படும்போது சென்ட்ரலிலிருந்து அதில்தான் வந்தேன். சைதாப்பேட்டையைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறி, சின்னமலை முதல் உயர்பாலத்தில் ஓடும்போது நகரமே கண்ணுக்கு முன் விரிகிறது. கனமான பெட்டியும் வயதானவர்களும் உடன் இருந்தால் நான் மெட்ரோவையே சொல்வேன். ஆனால் அதன் பாதை விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள கிளாம்பாக்கம் வரை நீட்டிக்கும் திட்டம் நிறைவேறும்வரை, தெற்கே போகிறவர்களுக்குத் திரிசூலம்தான் வழி.

அன்று நடைமேடையில் என்னோடு நின்றவர்களில் பலர் இரவுப் பணி முடித்துத் திரும்பும் விமான நிலையத் தொழிலாளர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தூக்கக் கலக்கத்தோடு நின்றிருந்த ஒரு பெண், என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “தாம்பரம்தானேண்ணா? அடுத்த வண்டி போகும், ஏறிக்குங்க” என்றார். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் கடந்து நான்காவது நிறுத்தமாகத் தாம்பரம் வந்தது. நன்றாக விடிவதற்குள், விழுப்புரம் செல்லும் வண்டிக்கான பயணச்சீட்டு வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.