காயில் கட்டும் கடையைக் கைப்பேசியில் காட்டிய கதை

பொள்ளாச்சியில் என் அப்பா 22 ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை, அதாவது எரிந்துபோன மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் பட்டறை, நடத்திவருகிறார். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (பேஸ்) போய்விட்டாலோ மின்னழுத்தம் தாழ்ந்தாலோ தோப்புகளில் ஓடும் மோட்டார்களின் காயில் எரிந்துவிடும். கோடையில் தண்ணீர் நின்றுபோன தோப்புக்காரர் மோட்டாரைக் கழற்றி, கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிவருவார். 2024 பிப்ரவரியில் நெகமம் பக்கத்திலிருந்து அப்படி வந்த ஒருவர், கைப்பேசி காட்டிய இடத்துக்குப் போய், அங்கே பூட்டிக்கிடந்த அரிசிக் கடையைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் விசாரித்து எங்களிடம் வந்துசேர்ந்தார். "மேப்புல உங்க கடை அங்கதானுங்க இருக்குது" என்று அவர் நீட்டிய திரையில் எங்கள் கடைப் பெயரும், எப்போதோ துண்டித்துவிட்ட தரைவழித் தொலைபேசி எண்ணும் இருந்தன.

விசாரித்தபோது அப்பாவுக்கு நினைவு வந்தது. 2019-இல் ஒரு விளம்பர முகவர் வந்து, வாசலைப் படமெடுத்து, சிறு தொகை வாங்கிக்கொண்டு, கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதைத் தம்முடைய கணக்கிலேயே பதிந்து வைத்துக்கொண்டார். அவருடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வேறொருவர் கையில் இருக்கும் பதிவுக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தால், ஏற்கெனவே வைத்திருப்பவர் பதில் சொல்ல கூகுள் மூன்று நாள் அவகாசம் தருகிறது. நாங்கள் விண்ணப்பித்தும் அவரிடமிருந்து பதில் வரவில்லை என்பதால், நாங்களே உரிமையாளர் என்று நிரூபிக்கும் வழி திறந்தது. முன்பெல்லாம் தபால் அட்டையில் ரகசிய எண் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்குக் கிடைத்தது காணொளிச் சரிபார்ப்பு மட்டுமே.

முதல் காணொளியைப் பட்டறைக்குள் நின்றபடியே எடுத்து அனுப்பினேன், அது நிராகரிக்கப்பட்டது. தெருவும், பெயர்ப் பலகையும், தொழில் நடக்கும் கருவிகளும், கடை நம் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதற்கான அடையாளமும் வெட்டாத ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும் என்பதை அதன் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். எங்கள் பலகையோ வெயிலில் வெளுத்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே படிக்கக்கூடியதாக இருந்தது. பெயிண்டரை அழைத்துப் பலகையை எழுதிய பின், சந்து முனையிலிருந்து நடந்துவந்து, அப்பா சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவதையும், காயில் சுற்றும் இயந்திரத்தையும், பில் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படம் பிடித்தோம். சில நாட்களில் பதிவு எங்கள் கைக்கு வந்தது. வரைபடக் குறியைச் சரியான வாசலுக்கு நகர்த்தினேன்.

அடுத்து நான் செய்தது இன்றுவரை அப்பா கேலி செய்யும் காரியம். கடைப் பெயருக்குப் பின்னால் "மோட்டார் காயில், சப்மெர்சிபிள் ரிப்பேர், பொள்ளாச்சி" என்று நீளமாகச் சேர்த்தால் தேடலில் மேலே வரலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிச் சேர்த்துவிட்டேன். பலகையில் உள்ள பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. பதினொன்றாம் நாள், சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது, பதிவு முடக்கப்பட்டது.

மேல்முறையீடு செய்யும்போது ஆதாரங்களை இணைக்க ஒரு மணி நேரந்தான் கொடுப்பார்கள் என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே திரட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, அதற்கான வரம்பை எங்கள் வரவு எட்டியதில்லை. மின்கட்டண ரசீது கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண்ணும், ரசீதில் புதிய கதவு எண்ணும் இருந்தன; நம் ஊர்களில் இது சர்வ சாதாரணம் என்றாலும், எங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வாசல் என்று எப்படித் தெரியும்? ஆகவே சிறுதொழில்களைப் பதியும் அரசின் உத்யம் இணையதளத்தில், கட்டணம் எதுவுமின்றி, இரண்டு எண்களையும் முகவரியில் குறிப்பிட்டுக் கடையைப் பதிந்து, அந்தச் சான்றிதழையும் ஒப்பந்தத்தையும் பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். நீட்டிய பெயரையும் திருத்தினேன். பதிவு மீண்டும் தெரிய இரண்டரை வாரம் ஆயிற்று. இடையில், முதல் இடம் உறுதி என்று சொல்லிப் பணம் கேட்டு மூன்று அழைப்புகள் வந்தன. பணம் கொடுத்து உள்ளூர்த் தேடலில் தரவரிசையை உயர்த்த வழியே இல்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது.

பலன் கொடுத்த மாற்றம் மிகச் சிறியது. முகவர் எங்களை மின்பொருள் கடை என்ற வகையில் பதிந்திருந்தார். அதனால் வந்த சில அழைப்புகளும் மின்விசிறி விலை கேட்டுத்தான் வந்தன. முதன்மை வகையை மின்மோட்டார் பழுதுபார்க்கும் கடை என்று மாற்றியதும், அழைப்பவர்களின் பேச்சே மாறிவிட்டது. எந்தச் சொற்களைத் தேடி மக்கள் எங்கள் பதிவைப் பார்த்தார்கள் என்ற பட்டியலில் காயில் கட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லாக நான் எதிர்பார்த்த "ரீவைண்டிங்" அரிதாகவே இருந்தது. "மோட்டார் காயில் கட்டும் கடை" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. சேவைகளின் பெயர்களையும் விவரக் குறிப்பையும் அந்தப் பேச்சு வழக்கிலேயே திருத்தி எழுதினேன். தோப்புக்காரர்கள் காலை ஏழு மணிக்கே வண்டியோடு நிற்பார்கள் என்பதால், ஒன்பது என்றிருந்த திறக்கும் நேரத்தையும் உண்மைக்கு ஏற்ப மாற்றினேன்.

மதிப்புரை கேட்பதற்கு அப்பா கூச்சப்பட்டார். கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டுக் கேட்கலாமே என்று என் தம்பி சொன்ன யோசனை விதிப்படி கூடாதது என்பதால், மதிப்புரைப் பக்கத்தைத் திறக்கும் க்யூ.ஆர். அட்டையைப் பில் மேசையில் ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். ஐந்தாவதாக வந்ததே ஒற்றை நட்சத்திரம்: மோனோபிளாக் மோட்டாரை (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்தது) இரண்டு நாள் இழுத்தடித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பா கோபத்தில் சொன்ன முதல் பதிலை நான் பதியவில்லை. மறுநாள் காலை அவரே அமைதியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்: காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நன்றாகக் காய்வதற்குள் மோட்டாரைக் கொடுத்தால் ஒரே மாதத்தில் மறுபடி எரியும், அதற்காகத்தான் தாமதித்தோம், முன்பே சொல்லாதது எங்கள் தவறுதான். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாக இதுவரை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து தேடினால் நாங்கள் இப்போதும் தெரிவதில்லை. தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரமும் கணக்கில் சேரும் என்பதால், அதற்காக நான் மெனக்கெடவில்லை. புதிதாக வருபவரிடம் "யாரு சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு, அப்பா பில்லின் மூலையில் குறித்துவைக்கிறார். சென்ற மாதத்துப் பில்களைப் புரட்டினேன்: ஒன்பதில் "போன்", பதினான்கில் "டீக்கடை".