கண்ணுக்குத் தெரியாத டிஸ்க் கன்ட்ரோலர்

புதிய விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினி, கேட்டு யாராவது வந்தால், முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். பெயர், ரேம், டிஸ்க் அளவு, அடுத்து, அடுத்து, முடிந்தது. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு என்று திரை கேட்கிற இடத்தில், ஏற்கெனவே எது தேர்வாகியிருக்கிறதோ அதையே விட்டுவிடுவேன். கையால் மாட்டிக் கழற்றும் வேலை இல்லையே, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்மில் ஓடிய ஒரு விண்டோஸ் சர்வர் அந்த நினைப்பைக் கலைத்தது. அதன் டிஸ்க், ஐடிஇ என்ற பழைய வகைக் கன்ட்ரோலரில் இருந்தது. பேக்கப் ஓடும் நேரமெல்லாம் மொத்த சர்வரும் திணறும். சரி, விஎம்களுக்கென்றே உருவாக்கிய வேகமான வகையான விர்ட்ஐஓவுக்கு மாற்றுவோம் என்று இரவில் அதை நிறுத்தி, அமைப்பில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி இயக்கினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, உடனே நீலத்திரை: இன்அக்சஸபிள் பூட் டிவைஸ். தானாக ரீஸ்டார்ட் ஆகி மீண்டும் அதே திரை.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸிடம் விர்ட்ஐஓ டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தோடு பேசும் மென்பொருள், இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலில் அது 2008 முதல் கூடவே வருகிறது; விண்டோஸுக்கு நாம்தான் தனியாகப் போட வேண்டும். போடலாம் என்றால் விண்டோஸ் எழுந்தால்தானே? அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரியாமல்தானே அது எழ மறுக்கிறது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை.

வழி பிடிபடும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. முதலில் டிஸ்க்கைப் பழையபடி ஐடிஇக்கே மாற்றினேன். கூடவே ஒரு ஜிபியில் காலி டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவில் சேர்த்தேன். விண்டோஸ் ஒழுங்காக எழுந்து, புதிதாக ஏதோ சாதனம் வந்திருக்கிறதே என்று டிரைவர் கேட்டது. கொடுத்தேன். காலி டிஸ்க் டிவைஸ் மேனேஜரில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு சர்வரை நிறுத்தினேன். அதை நீக்கிவிட்டு, இப்போது அசல் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றினேன். லாகின் திரை வந்தது. அந்த ஒரு ஜிபி டிஸ்க்கின் மேல் எனக்கு இன்றும் தனிப் பிரியம்.

நெட்வொர்க் கார்டும் இதே ரகம்தான். இ1000 என்பது இன்டெல் கார்டு போல மென்பொருள் நடிப்பது. பெரும்பாலான ஓஎஸ்கள் அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் அந்த நடிப்புக்கு சிபியு உழைக்க வேண்டும். விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் வேகம் கூடும். ஆனால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாக எடுத்துக்கொள்ளும். நிலையான ஐபி, காணாமல் போன பழைய கார்டின் பேரிலேயே கிடக்கும். கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியையும் பழையதாகவே வைக்க வேண்டும். அதை நம்பி லைசென்ஸ் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

சிபியு விஷயத்தில் தாராளம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெதுவாக இருக்கிறது என்று ஒரு விஎம்முக்கு 8 கோர் கொடுத்திருந்தோம். விஎம்களைத் தாங்கும் அசல் கணினியான ஹோஸ்டில் நெரிசல். தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம், அதாவது ரெடி டைம், ஏறிக்கொண்டே போனது. 2 ஆகக் குறைத்ததும் வேகம் பிடித்தது.

தேவையில்லாததை மாட்டாமலே விடுவது இன்னும் நல்லது. 2015இல் வெளிவந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, விஎம்மில் யாருமே பயன்படுத்தாத மெய்நிகர் ஃப்ளாப்பி கன்ட்ரோலரின் நிரலில்தான் இருந்தது. அதன் வழியாக விஎம்முக்குள்ளிருந்து ஹோஸ்டுக்கே தாவ முடியும். அமைப்பில் ஃப்ளாப்பியை நீக்கியிருந்தாலும் அந்த நிரல் உள்ளே உயிரோடுதான் இருந்தது, பேட்ச் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

இப்போது விஎம் கேட்டு வருபவரிடம் எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, உள்ளே என்ன ஓடப்போகிறது என்று முதலில் கேட்கிறேன். அப்புறம், விண்டோஸ் நிறுவும்போதே டிரைவர் ஐஎஸ்ஓவை, அதாவது சிடியின் நகலான கோப்பை, இரண்டாவது சிடியாக மாட்டிவிடுகிறேன். டிஸ்க் எதுவும் இல்லை என்று நிறுவல் திரை சொல்லும் இடத்தில் அங்கிருந்தே டிரைவரைக் காட்டிவிடலாம். அரை மணி நேரம் ஆகிறது. ஏன் தாமதம் என்று கேட்பவர்களிடம் அந்த நீலத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்.