ஹீட் ஷீட்டில் என் கணவர் பெயர்

எங்கள் மகளின் முதல் நீச்சல் போட்டியன்று, சிறுமிகளுக்கான 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் முதல் ஹீட்டில் (சேர்ந்து நீந்தும் முதல் குழுவில்), ஆறாவது லேனுக்கு ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டது என் கணவருடைய பெயர். பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதைக் கேட்டவரைப் போல, தம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். கீழே, நீந்தப்போகிறவர்களை வரிசைப்படுத்தும் மார்ஷலிங் மேசையின் முன்னால், தொப்பியும் காகிள்ஸும் அணிந்த பத்து வயதுப் பெண், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் முறை அழைத்த பிறகு அவளுடைய பயிற்சியாளர் வந்து தோளைப் பிடித்து லேனுக்குத் தள்ளிவிட்டார்.

போட்டிக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ஹீட் ஷீட் என்ற பட்டியலில், ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் ஒரே ஒரு வரிதான் உண்டு: லேன் எண், பெயர், பிறந்த ஆண்டு, கிளப், இதற்கு முன் நீந்திப் பதிவான நுழைவு நேரம். அந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் நிரப்புவதற்கு எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பெங்களூரில் குழந்தையைப் போட்டி நீச்சலில் சேர்க்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களுக்குப் போட்டி என்ற எண்ணமே இருக்கவில்லை. நாங்கள் அல்சூரில் குடியிருக்கிறோம். ஏரிக்கு அருகிலுள்ள கென்சிங்டன் நீச்சல் குளத்தில் கோடை விடுமுறையில் அவளைச் சேர்த்தது, தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கத் தெரிய வேண்டும் என்ற அளவிலான ஆசையினால்தான். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்றவர் என் தந்தை. "கிணற்றில் தள்ளிவிட்டால் தானாகக் கற்றுக்கொள்கிற விஷயத்துக்கு ரசீது போட்டுப் பணம் கட்டுகிறீர்களே" என்று அவர் தொலைபேசியில் சிரித்தார். மூன்றாவது வாரத்தில், இவளுடைய கால் உதை பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு ஏற்றதாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அதன் பிறகு நகரின் தெற்குப் பக்கத்தில், 50 மீட்டர் குளமுள்ள ஒரு கிளப்பில் அவளைச் சேர்த்தோம்.

அங்கே காலைப் பயிற்சி ஐந்தரைக்குத் தொடங்குகிறது. நான்கு இருபதுக்கு அலாரம். ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். பிறகு ரிச்மண்ட் சர்க்கிள், டபுள் ரோடு, லால்பாக் வழியாக ஸ்கூட்டர். ஏழரைக்குப் பயிற்சி முடிந்ததும், ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து பொடி தடவிய ஆறு இட்லிகளை அவள் தின்று முடிப்பாள். பள்ளிக்கென்று தனியாக இரண்டு டப்பாக்கள் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 15 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும் ஊரில், சூடேற்றப்படாத திறந்தவெளிக் குளத்தில் இறங்கும் குழந்தைகளின் உதடுகள் நீலம் பாரிப்பதைச் சால்வை போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது எளிதான காரியமில்லை. போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பயிற்சிக் குளத்துக்கு அப்படிக் கேட்க நமக்கு வாய் கிடையாது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் குளத்துக்கும் இடையில் சமாதானம் செய்துவைக்க வேண்டியிருந்த இடம் எண்ணெய்தான். என் மாமியார் பேத்தியின் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவிப் பின்னலிட்டு அனுப்பிய முதல் நாளில், நீரின்மேல் படலம் மிதப்பதைக் காட்டிப் பயிற்சியாளர் அவளைக் கரையேற்றிவிட்டார். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலைமுடியை நல்ல தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால், அது குளோரின் நீரைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதையும், நாம் குளோரின் வாடை என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்து உண்டாக்கும் வாடை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், குளத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைக்கு மாறியது. மாமியார் இன்னும் அதை முழு மனத்துடன் ஏற்றுக்கொள்ளவில்லை.

இனிப் பெயருக்கு வருகிறேன். மகள் வேலூரில் என் தாய்வீட்டில் பிறந்தவள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் மட்டுமே இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து முன்னெழுத்தாக இருக்கிறது. ஆதாரில் அதே முன்னெழுத்து விரிந்து, அப்பாவின் முழுப் பெயராகி, அவள் பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. நீச்சல் வீராங்கனையாகப் பதிவு செய்யும் படிவமோ குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்களையும் கட்டாயம் நிரப்பச் சொல்கிறது. இங்குள்ள கன்னடக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இதே சங்கடம் உண்டு என்பதைக் கவுண்டரில் நின்றபோது தெரிந்துகொண்டேன். ஆனாலும் தமிழருக்குத்தான் இது ஒரு பரம்பரை வியாதி. குடும்பப் பெயர்க் கட்டம் முதலில் இருந்ததால், அதில் நான் என் கணவர் பெயரை எழுதினேன். அச்சான பட்டியலில் இடம் போதாமல் முதல் கட்டம் மட்டும் தங்கிவிட்டது. அன்று ஆறாவது லேனில் நீந்தியது அதிகாரபூர்வமாக என் கணவர்தான்.

திருத்தம் கேட்டுப் போனபோது, மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகப் பெயர் இருக்கும் குழந்தை ஒரே குழந்தைதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். எரிச்சல் வந்தாலும், வயதைக் குறைத்துக் காட்டுவதற்காக வேறு சான்றிதழைக் கொண்டுவருபவர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள் என்பதனால், அந்தக் கேள்வியைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. என் குறை அதைக் கேட்ட முறையைப் பற்றியது: முதல் முறை போனபோது பள்ளியின் போனஃபைட் சான்றிதழ் மட்டும் போதும் என்றவர்கள், இரண்டாம் முறை நோட்டரி கையெழுத்திட்ட அஃபிடவிட் வேண்டும் என்றார்கள், மூன்றாம் முறை பிறப்புச் சான்றிதழிலேயே அப்பாவின் பெயரைச் சேர்த்து வாருங்கள் என்றார்கள். மூன்றையும் செய்தோம். முத்திரைத்தாளில் "மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன" என்ற பொருளில் தட்டச்சு செய்து கொடுத்த நோட்டரி, நீச்சலுக்கா என்று இரண்டு தடவை கேட்டார். என்னைக் கேட்டால், பயிற்சியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கும்படி செய்துவிடுங்கள். காகிள்ஸ் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டம் பிறந்த ஆண்டு. வயதுப் பிரிவைப் பிறந்த தேதியைக் கொண்டு பிரிப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆண்டைக் கொண்டே பிரிக்கிறார்கள். ஜனவரி முதல் தேதி பிறந்தவளும் டிசம்பர் 31 அன்று பிறந்தவளும் ஒரே பிரிவு. எங்கள் மகள் பிறந்தது டிசம்பர் 19. மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த நாள் ஜனவரி முதல் வாரம். ஆனால் அறுவை சிகிச்சைதான் என்று முடிவானதும், எப்படியும் கத்தி படத்தான் போகிறது, நல்ல நட்சத்திரத்தில் படட்டும் என்று சொல்லிப் பஞ்சாங்கம் பார்த்து அந்த நாளைக் குறித்தவர் என் மாமனார். மருத்துவரும் சம்மதித்தார். பதின்மூன்று நாள் பொறுத்திருந்தால் அவள் ஓராண்டு இளைய பிரிவில் நீந்தியிருப்பாள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது தோள் அகலத்திலும் உயரத்திலும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது; குதிக்கும் மேடைகளான பிளாக்குகளின் மேல் எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கும்போது, எங்கள் மகள் நிற்கும் இடத்தில் மட்டும் வரிசை பள்ளமாக இறங்கி ஏறும். பன்னிரண்டாவது வயது நிறையும் ஆண்டில் அவள் அடுத்த வயதுப் பிரிவான குரூப் 2-க்குப் போனாள். அந்த ஆண்டு டிசம்பர் 19 வரை அவளுக்குப் பதினொரு வயதுதான். அந்தப் பிரிவிலோ பதினான்கு வயதுப் பெண்கள் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தியபோது அவருக்கு வயது 14. அந்த வயதில் அந்த நீச்சல் சாத்தியமாகும் ஊரில், குரூப் 2 என்பது சிறுபிள்ளைகள் கூட்டம் என்று எண்ணிக்கொண்டு போவது நம் அறியாமை.

நுழைவு நேரம் என்ற கடைசிக் கட்டத்தில் முதல் போட்டியன்று "என்.டி." என்று இருந்தது. இதுவரை பதிவான நேரம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். நேரம் இல்லாதவர்களை மெதுவான ஹீட்டில், ஓரத்து லேனில் போடுவார்கள். எட்டு லேன் குளமென்றால் வேகமானவருக்கு நான்கு, அடுத்தவருக்கு ஐந்து, பிறகு மூன்று, ஆறு என்று நடுவிலிருந்து இருபுறமும் விரிந்துகொண்டே போகும். அன்று அவள் நீந்தி முடித்த பிறகும் அந்தக் கட்டம் என்.டி. ஆகவே இருந்தது. குளம் 25 மீட்டர். ஐம்பதுக்கு ஒரு திருப்பம் உண்டு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திருப்பத்திலும் முடிவிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவள் இடது கையை முன்னால் நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். சுவரோரம் நின்றிருந்த நடுவர் கையை உயர்த்தியதை நான் வாழ்த்து என்று நினைத்தேன். டிக்யூ, அதாவது தகுதிநீக்கம் ஆகிவிட்டது என்று பக்கத்திலிருந்த அம்மாள்தான் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் பணம் கட்டி முறையீடு செய்யலாம் என்றும் உசுப்பிவிட்டார். என் கணவர் பாதிப் படி இறங்கிவிட்டார். பயிற்சியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு கைதான் சார், நானே பார்த்தேன்" என்று சொன்னதோடு அந்த விவகாரம் முடிந்தது. அந்த நிமிடத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவே மரியாதையாக மாறிவிட்டது.

மகள் அழவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்கள், வீட்டில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், நிலைக்கதவை இரு உள்ளங்கைகளாலும் ஒருசேரத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தாள். சமையலறைக் கதவின் வெள்ளைப் பெயின்டில், என் இடுப்பு உயரத்தில், இரண்டு கைகளின் அழுக்குத் தடம் இன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டோம்.

நேரம் என்ற ஒன்று பதிவானதும் தொல்லை எங்கள் பக்கம் திரும்பியது. கணவர் ஸ்டாப்வாட்ச் வாங்கினார். பயிற்சியின் ஒவ்வொரு செட்டையும் நூறில் ஒரு பங்கு விநாடி வரை குறித்து, அட்டவணை போட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் இருப்பவளிடம் விளக்கம் கேட்டார். 25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தை 50 மீட்டர் குளத்து நேரத்தோடு ஒப்பிட்டு, குழந்தை பின்தங்கிவிட்டாள் என்று ஒரு மாதம் முழுக்கக் கவலைப்பட்டார். சிறிய குளத்தில் திருப்பங்கள் கூடுதல், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பெறும் வேகத்தால் நேரம் குறையும் என்பதைப் பயிற்சியாளர் விளக்கிய பிறகுதான் அடங்கினார். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்கும் டேப்பர் காலத்தில், கட்டிய பணத்துக்குக் குழந்தையைச் சும்மா மிதக்கவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தவள் நான். இருவரில் யார் மோசம் என்று சொல்வது கடினம். ஒரு நாள் லால்பாக் சிக்னலில், "அப்பா, அந்தக் கடிகாரம் இனிமேல் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள். அது இப்போது பூஜை அலமாரிக்குக் கீழே, பழைய சாவிகளோடு கிடக்கிறது.

பசவனகுடி அக்வாட்டிக் சென்டரில் மாநில அளவிலான வயதுப் பிரிவுப் போட்டி வந்தபோது, முந்தைய இரவு ஹீட் ஷீட்டை இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தோம். 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், குரூப் 2, மூன்றாவது ஹீட், இரண்டாவது லேன். பெயர் சரி. ஆண்டு சரி. நேரம் 1:34.60. அந்த வரியைக் கணவர் தம் மாமனாருக்கும் தம் அப்பாவுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். மறுநாள் ஐம்பதாவது மீட்டரில், எங்கள் பக்கத்துக்கு எதிர்ச் சுவரில், இரண்டு கைகளும் ஒன்றாகப் போய்ப் படுவதைப் பார்த்துவிட்டு, மீதி ஐம்பது மீட்டரை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. 1:31.42. பதினான்காவது இடம், இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேர்தான். தண்ணீரிலிருந்து ஏறியவள் எங்களைக் கடந்து முதலில் பயிற்சியாளரிடம் போய் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு, பிறகு எங்களிடம் வந்து தயிர்சாதம் இருக்கிறதா என்றாள்.

அன்று மாலை ஓசூரிலிருந்து என் மாமனார் பேசினார். விவரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஜனவரியில் பிறந்திருந்தால் எத்தனையாவதாக வந்திருப்பாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவர் ஏற்கெனவே லேப்டாப்பில் இளைய பிரிவின் முடிவுகளைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியைச் சாய்த்தேன். மகள் உள்ளே இருந்து, டபுள் ரோட்டில் குழாய்க்காகத் தோண்டியிருக்கிறார்கள், நாளை அலாரத்தை நான்கு பத்துக்கு வையுங்கள் என்றாள்.