ஃப்ரெட்டர்னிட்டி வீட்டுக்கு காசு திரட்டின கதை

நான் 1998ல திருச்சியிலிருந்து இண்டியானாவுக்குப் படிக்க வந்தப்போ ஃப்ரெட்டர்னிட்டின்னா என்னன்னே தெரியாது, காலேஜ் பசங்க மெம்பரா சேந்து ஒரே வீட்ல தங்குற சங்கம் அது, ரெண்டாவது வருஷம் காலேஜ் டார்மை விட அங்க சாப்பாட்டோட சேத்து வாடகை கம்மின்னு ரூம்மேட் சொன்னான், போய் சேந்துட்டேன், அவ்ளோதான். வீட்ல ஹாஸ்டல்னு சொல்லி வெச்சேன். ஆனா ஹாஸ்டல்னா காலேஜோடது, எங்க வீடு அப்படி இல்ல, பழைய மெம்பருங்க சேந்து நடத்துற ஹவுஸ் கார்ப்பரேஷன் பேர்ல இருக்கு, கூரை ஒழுகினா யுனிவர்சிட்டி எட்டிக்கூட பாக்காது.

2016ல "நீ அக்கவுண்ட்ஸ் பாக்குறவன்தானே"ன்னு என்னை அந்த ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கு ட்ரெஷரர் ஆக்கிட்டாங்க. உள்ள போய் பாத்தா தலை சுத்துது. 1920கள்ல கட்டின மூணு மாடி வீடு, பாய்லர் பைப்பெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சுத்தினது, ஜன்னல்ல ஈயம் கலந்த பழைய பெயின்ட். எல்லாத்துக்கும் மேல மாடியில கோல்ட் டார்ம், அதாவது குளிர் ஹால். மிட்வெஸ்ட்ல பழைய வீடுகள்ல இது உண்டு, ஒரே பெரிய ஹால்ல பங்க் கட்டில் போட்டு அத்தனை பேரும் தூங்குவோம், ஜனவரியிலயும் ஜன்னல் திறந்தே இருக்கும். அந்த ஹால்ல, தீப்பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் கிடையாது. நார்த் கரோலினா சேப்பல் ஹில்ல 1996 மே மாசம் ஒரு ஃப்ரெட்டர்னிட்டி வீடு எரிஞ்சு 5 ஸ்டூடண்ட்ஸ் செத்துப் போனாங்க, அங்கயும் ஸ்பிரிங்க்ளர் இல்ல. அது தெரிஞ்சப்புறம் எனக்கு தூக்கமே சரியா வரல.

இதையெல்லாம் சரி பண்ற மொத்த வேலைக்கு 18 லட்சம் டாலர்னு எஸ்டிமேட். பசங்க வாடகைய நம்பி பேங்க் 11 லட்சம் வரைக்கும் தரும், மீதி 7 நாங்கதான் தேத்தணும்.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பத்தான் நாங்களும் பண்ணோம். கலர் கலரா ப்ரோஷர் அடிச்சு, ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச படம் போட்டு பழைய மெம்பருங்க 900 பேருக்கு அனுப்பினோம். பாதி "இந்த விலாசத்தில் இல்லை"ன்னு மஞ்சள் ஸ்டிக்கரோட திரும்பி வந்துச்சு. வந்த காசு 9,000 டாலர், ப்ரோஷர் செலவே 6,000.

அப்புறம்தான் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர பிடிச்சு, "நீங்க உங்க பேட்ச் ஆளுங்க பத்து பேருக்கு மட்டும் போன் பண்ணுங்க"ன்னு கேட்டோம். விலாசமும் அவங்க மூலமாவே கிடைச்சுது. என் வயசு பசங்க ஸ்டூடண்ட் லோன், வீட்டு லோன்னு மாட்டிக்கிட்டிருந்தாங்க, நிஜமா குடுத்தது 60கள், 70கள்ல அந்த வீட்ல தங்கியிருந்த தாத்தாங்கதான். சிலர் பேட்ச்ல போன் பண்ற நிலையில யாருமே இல்ல, அவங்கள நான் கூப்பிட்டேன்.

அப்படி ஒருத்தர், 1962 பேட்ச். போன எடுத்ததும் முக்கால் மணி நேரம் திட்டினார். வருஷா வருஷம் எல்லார் முகத்தையும் சேத்து ஃப்ரேம் போட்டு காம்போசிட்னு மாட்டுவாங்க இல்லையா, இவரு பையன கூட்டிட்டு வந்து காட்டப் போனப்போ இவரு பேட்ச் படம் சுவத்துல இல்லையாம், யாரும் பதில் சொல்லலையாம், அதோட செக் அனுப்புறத நிறுத்திட்டாராம். நான் காசு பத்தி வாயே திறக்கல. அந்த சனிக்கிழமை போய் தேடினா பாய்லர் ரூம்ல கண்ணாடி உடைஞ்சு சுவத்துல சாஞ்சு கிடக்கு. துடைச்சு போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, கோல்ட் டார்ம் ஸ்பிரிங்க்ளருக்கு மட்டும் எவ்ளோ ஆகும்னு கேட்டார். சொன்னேன். "நீ எவ்ளோ போட்ட?"ன்னார். நான் அதுவரைக்கும் ஒரு பைசா போடல, நாக்கு ஒட்டிக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி பொண்டாட்டிகிட்ட 5,000னு சொன்னேன், நம்ம வீட்டு பாத்ரூம் குழாய் ஒழுகுறது உங்களுக்கு தெரியுமான்னு கேட்டா. தெரியும்னேன். போர்டுல எல்லாரும் போட்டப்புறம்தான் அவரு செக் வந்துச்சு.

டாக்ஸ் விஷயத்துலயும் ஏகப்பட்ட குழப்பம். ஹவுஸ் கார்ப்பரேஷன் அமெரிக்க டாக்ஸ் சட்டப்படி 501 சி 7, அதாவது க்ளப் மாதிரி, அதுக்கு குடுத்தா வரி விலக்கு கிடையாது. தனியா 501 சி 3, அதாவது தர்ம ஸ்தாபனம் மாதிரியான ஃபவுண்டேஷன் வழியா குடுத்தா உண்டு, ஆனா அந்த காசு ஸ்டடி ரூம், அங்க போடுற இன்டர்நெட் வயரிங்னு படிப்பு சம்பந்தப்பட்டதுக்குத்தான் போகலாம், பாருக்கோ பூல் டேபிளுக்கோ போகாது. இத முதல் போன்லயே சொல்லிடணும். நாங்க சொல்லாம ரெண்டு பேர் கோச்சுக்கிட்டு கட் பண்ணிட்டாங்க, நியாயம்தான்.

இன்னொண்ணு, புதுசா சேர்ற பையனுக்கும் ப்ளெட்ஜ்னுதான் பேரு, அஞ்சு வருஷத்துல தர்றேன்னு எழுதிக் குடுக்குற காசுக்கும் ப்ளெட்ஜ்தான். ரெண்டுமே பாதியில காணாம போகும். அதனால எழுதினது 7 லட்சத்தத் தாண்டினப்புறமும் நான் கணக்குல 6 தான் வெச்சேன், கிச்சன் வேலைய தள்ளிப் போட்டோம். எனக்கு கெட்ட பேரு, பரவால்ல.

2019 கோடையில வேலை முடிஞ்சுது. பழைய ஸ்டூடண்ட்ஸ் திரும்பி வர்ற ஹோம்கமிங் விழாவுக்கு அந்த 1962 பெரியவர் வாக்கர் வெச்சுக்கிட்டு வந்தார். புது ஸ்டடி ரூம நிமிந்து கூட பாக்கல, நேரா ஹால்வேக்கு போய் காம்போசிட் முன்னாடி நின்னு, இதுல எத்தன பேர் இன்னும் உயிரோட இருக்கோம்னு விரல் விட்டு எண்ணினார். நாலு.